சாம்பல் கட்டம்

செத்தவர்களுக்கு ரகசியம் கிடையாது. எங்கள் கம்பெனியில் சேருகிற அன்றே இதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். உயிரோடு இருப்பவரைக் காட்டாதே, செத்தவரை மறைக்காதே. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எனக்கும் ஆறு வருஷமாக நியாயமாகத்தான் இருந்தது, போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்.

கம்பெனியின் பெயர் கொடிவழி. ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் படம் பிடித்து ஏற்ற வேண்டும். இயந்திரம் உங்கள் வம்சத்தையே கோடு போட்டு விரித்துவிடும். இந்த 2043-இல் பெண் பார்க்கப் போகிறவன் ஜாதகம் கேட்கிறானோ இல்லையோ, கொடிவழி எண்ணைக் கேட்டுவிடுகிறான்.

ஆளுக்கு ஒரு கட்டம். உயிரோடு இருக்கிறவர் என்றால் சாம்பல் நிறக் கட்டம். 'வாழ்பவர்' என்ற ஒரு சொல்லைத் தவிர வெளியாளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. இறந்ததற்குச் சான்று வராத எவரும், நூற்றுப்பத்து வயது ஆகும்வரை, இயந்திரத்துக்கு வாழ்பவர்தான். சான்று வந்துவிட்டால் கட்டம் திறந்துவிடும். பேர், போட்டோ, கட்டிய புருஷன், பெற்ற பிள்ளை, குடியிருந்த வீடு, வீட்டுக்கு வழி காட்டுகிற வரைபடம் எல்லாம் வெளியே வரும். வரைபடம் எதற்கு என்கிறீர்களா? துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தெருத்தெருவாக அலையக் கூடாதாம். அவ்வளவு அக்கறை!

என் பெயர் பால்வண்ணன். கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் வேலை. ஐம்பத்தாறு வயசுக்காரனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், உலகத்து மொழியெல்லாம் படிக்கிற இயந்திரத்துக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து டி.டி.பி. சென்டர்களில் அடித்த தமிழ் மட்டும் பிடிபடவில்லை. கடைக்குக் கடை வேறு எழுத்துரு. அந்தக் காலத்து சி.டி.யைப் போட்டால் 'சுபமுகூர்த்தம்' இருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரன் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும். அதை நான் பார்த்த மாத்திரத்தில் படிப்பேன். நானும் ஒரு டி.டி.பி. ஆபரேட்டர்தானே. ஒன்பது வருஷம் கண்ணீர் அஞ்சலி அடித்தவன். ஒரு போஸ்டரிலாவது தப்பு வந்தது என்று எவனும் விரல் நீட்டியதில்லை. இந்தத் திமிர் எனக்கு இன்னும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை திரையில் வந்ததும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ லேமினேட் செய்து வைத்திருந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் இயந்திரம் அதன் மூலக்கோப்பையும் தேடி எடுத்து வைத்திருந்தது. எங்கள் ஊர்ப் பழைய கடைகளின் சி.டி.க்களை கம்பெனி மூட்டையாக வாங்கிப்போட்டிருந்தது, அதிலிருந்து வந்த கோப்பு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மாலை, சுற்றிலும் கயிறு முறுக்கின மாதிரி பார்டர். அந்த பார்டர் என்னுடையது. கீழே எழுத்து:

கண்ணீர் அஞ்சலி
செல்வி ச. கனகலதா
தோற்றம்: 09.03.1990    மறைவு: 31.06.2011
தட்டாமல் உள்ளே வருகிற ஒரே ஆள் நீ.
இனி எவர் தட்டினாலும் அது நீ இல்லை.
இப்படிக்கு: குடும்பத்தார்

போட்டோவில் லதா சிரித்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் மஞ்சள் கட்டம் போட்ட சட்டையின் தோள்பட்டை ஒன்று நறுக்கினதுபோக மிச்சம் இருந்தது. அது என் தோள். கடையில் ஆயுத பூஜைக்கு எடுத்த படம் அது. என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்து அந்தப் போஸ்டரில் வைத்தவன் நான்தான். வைத்தபோது அவள் உயிரோடு இருந்தாள்.

நம் பக்கத்தில் இது உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுப் பெண் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் தலைமுழுகுவார்கள். அதோடு விடுவதில்லை. செத்துவிட்டாள் என்று போஸ்டர் அடித்து, அவள் தினமும் ஏறி இறங்கிய பஸ் ஸ்டாண்டிலேயே ஒட்டுவார்கள். ஊருக்கே அது பொய்ச்சாவு என்று தெரியும். இயந்திரத்துக்கு யார் சொல்வது? போஸ்டர் இருக்கிறது, செத்துவிட்டாள், கட்டத்தைத் திற. அதற்குத் தெரிந்த சாவு அவ்வளவுதான்.

அருணா டி.டி.பி. சென்டர், மெயின் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்குப் பத்தடி. இன்றைக்கு அந்த இடத்தில் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இப்போதும் என் மூக்குக்கு டோனர் வாசம் வரும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கரண்ட் போனால் கத்துகிற ஒரு யு.பி.எஸ். கடைக்காரர் செல்லையா அண்ணாச்சி. பொம்பளைப் பிள்ளை சாவு சமாச்சாரம் அடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் கல்யாணப் பத்திரிகையெல்லாம் லதாவுக்கு, கண்ணீர் அஞ்சலியெல்லாம் எனக்கு. ஆனால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் ப்ரூஃப் பார்த்தே ஆகவேண்டும், அதுவும் அண்ணாச்சி சட்டம்தான். அப்படியாகச் சாவெல்லாம் கடைசியில் அவள் கையைத் தாண்டித்தான் போனது.

அண்ணாச்சி இருக்கையில் நான் 'பாலண்ணே'. அவர் தலை மறைந்தால் 'ஏ பாலு'. டீ குடிக்கப் போக வேண்டுமென்றால் அண்ணாச்சிக்கு முன்னால் கேட்க முடியாதே, அதற்கு ஒரு சங்கேதம் வைத்திருந்தாள். “ப்ரூஃப் பார்த்தாச்சா பாலண்ணே?” என்பாள். நான் “ஆச்சு” என்றால் பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் டீக்கடையில் இருப்போம். எனக்கு வாசகம் எழுத வராது. 'மீளாத் துயரில்' என்ற ஒன்றை வைத்தே ஊரில் பாதிப் பேரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். அவள்தான் ஒரு நாள், டீ வாங்கிக்கொடுத்தால் எழுதித் தருகிறேன் என்று ஒரு தாள் நிறைய எழுதித் தந்தாள். 'தட்டாமல் உள்ளே வருகிற ஒரே ஆள்' அதில் ஒன்று. அப்புறம் நாலு வருஷம் கோவில்பட்டியில் செத்தவர்களுக்கெல்லாம் லதாதான் அழுதாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவசி விஷயம் எனக்குத் தெரியும். தறி மெஷின் ரிப்பேர் பார்க்கிற பையன், வேறு சாதி. லதா போகப்போவது அவனோடுதான். எந்த ஊருக்குப் போகப்போகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

“கேக்காத. உனக்குப் பொய் சொல்ல வராது. எங்க அண்ணன் வந்து ஒரு முறை முறைச்சா பஸ் நம்பர் வரைக்கும் சொல்லிப்புடுவ” என்றாள்.

உண்மைதான். எனக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

2011 ஜூன் கடைசி, வியாழக்கிழமை. பெரிய பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சுப்பையா சார் இறந்துபோனார். அவர் போஸ்டரை நான் அடித்தேன், லதா ப்ரூஃப் பார்த்தாள். அதுதான் அவள் பார்த்த கடைசி ப்ரூஃப். மறுநாள் அவள் வரவில்லை. திங்கட்கிழமை அவள் அப்பா சங்கரபாண்டி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், பின்னால் அவள் அண்ணன் கோமதிராஜ் நின்றான்.

“எம் மக செத்துட்டா. போஸ்டர் அடி” என்றார் அப்பா.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். “என்னைக்குன்னு போட?” என்று கேட்டதாக ஞாபகம்.

“போன அன்னைக்கே செத்தா. சுப்பையா சார் செத்த மறுநா. போடு.”

போட்டேன். வாசகம் வேண்டும் என்றான் கோமதிராஜ். எனக்குத் தெரிந்த வாசகமெல்லாம் அவளுடையதுதான். அவள் எழுதியதையே அவளுக்குப் போட்டேன், படுபாவி.

சரி, கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சென்னையிலிருக்கிற என் மேலதிகாரி தன்யாவைக் கூப்பிட்டேன். முப்பது வயசு இருக்காது, நல்ல பெண், கோபமே வராது.

“மேடம், ஒரு போஸ்டர். ஆள் நிஜமா செத்தாங்களான்னு சந்தேகமா இருக்கு. என்ன செய்யலாம்?”

“சிம்பிள் சார். ஏற்கிறேன், மறுக்கிறேன், ரெண்டே பட்டன். ஏத்துக்கிட்டா கட்டம் திறந்துடும்.”

“மறுத்தா?”

“காரணம் சொல்லணும். வாழ்பவர்னு போட்டீங்கன்னா, அனுப்பினவருக்கு அப்படியே லெட்டர் போயிடும். 'இவர் உயிருடன் இருப்பதால் உங்கள் சான்று ஏற்கப்படவில்லை'ன்னு.”

“இருக்காங்கன்னு நாமே சொல்லிடுறோமா?”

“வேற எதுவும் சொல்லலையே சார். பேரு, ஊரு ஒண்ணும் போகாது.”

இதுதான் எனக்கு ஆத்திரம். பூட்டுப் போட்டிருக்கிறோம் என்பார்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்பதைப் பூட்டே சொல்லிவிடும். “வேற காரணமே இல்லையா?” என்றேன்.

“ஆவணக் குறைன்னு ஒண்ணு இருக்கு. ஆனா ஆவணத்துல நிஜமாவே தப்பு இருக்கணும் சார். மெஷின் ஒத்துப் பார்க்கும், சும்மா போட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க, இல்லேன்னா வேற ஆள்கிட்ட போயிடும். அவங்க போஸ்டரைப் பார்த்தா ஏத்துக்குவாங்க. அப்புறம் சார், விதி தெரியும்ல? சான்று அனுப்பினவர்கிட்ட விளக்கம் கேக்கலாம். கட்டத்துக்குள்ள இருக்கிறவங்ககிட்ட பேசவே கூடாது, வேலை போயிடும்.”

போஸ்டரை மூன்று தரம் படித்தேன். தேதி வரியில் இயந்திரம் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தது. காகிதம் மங்கலாக இருப்பதால் திணறியிருக்கும் என்று நினைத்து மூலக்கோப்பைப் பார்த்தேன். முப்பத்தொன்று, ஆறு, இரண்டாயிரத்துப் பதினொன்று. பளிச்சென்று இருந்தது. பேர் சரி, இனிஷியல் சரி, பிறந்த தேதி சரி. நான் அடித்ததில் குறை எங்கிருந்து வரும்?

சரிபார்ப்பவன் என்பதால் கட்டத்துக்கு உள்ளே எனக்குத் தெரியும். அனுப்பியவன் கோமதிராஜ். உள்ளே இருந்த விவரத்தையெல்லாம் நிரப்பியிருந்தது லதாவின் மகள் யாழ்மொழி. காலேஜில் எல்லாரும் துப்பினார்கள் என்று அவளும் துப்பியிருக்கிறாள், அம்மாவின் விலாசம், போன் எண், வேலை, வீட்டு வாசலில் எடுத்த படம் எல்லாம் கொடுத்திருக்கிறாள். யாருக்கும் காட்ட மாட்டோம் என்றுதானே சொன்னோம். கோமதிராஜின் மகனும் துப்பியிருக்கிறான். இரண்டு எச்சிலையும் இயந்திரம் சேர்த்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஓடி ஒளிந்தவளை ஒரு துளி எச்சில் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தது. கதவு மட்டும்தான் திறக்கவில்லை. சாவி என் கையில் இருந்தது.

விதியாவது ஒன்றாவது. என் சம்சாரத்தின் போனை வாங்கி அந்த எண்ணுக்கு அடித்தேன்.

“வணக்கம், இ-சேவை மையம் அரக்கோணம், சொல்லுங்க சார்” என்றது குரல். வடக்கத்திப் பேச்சாகிப்போயிருந்தது.

என்ன பேசுவதென்று தெரியாமல், “ப்ரூஃப் பார்த்தாச்சா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“பாலண்ணே?” என்றாள். அப்புறம், “ஏ பாலு! நீயாலே?”

அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, அழுதேன். அவளும்தான். அண்ணாச்சி இருக்கிறாரா, அந்த டீக்கடை இருக்கிறதா, யு.பி.எஸ். இன்னும் கத்துதா என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாம் போயாச்சு என்றேன். டீக்கடைக்காரரின் மகன் மட்டும் அதே தெருவில் மெஷின் டீ போடுகிறான், வாயில் வைக்க முடியாது என்றேன். சிரித்தாள். இருபத்தொரு வயசில் சிரித்த அதே சிரிப்பு. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. “யாழு சொல்லவே இல்ல. அவளுக்கு நாங்க எதுவும் சொல்லி வளர்க்கல பாலு. மாமா வீடுன்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது” என்றாள்.

“உங்க அண்ணன் அப்புறம் வந்தானா?”

“வந்தான். அடுத்த வருசமே. அப்ப திருப்பூர்ல இருந்தோம். நாலு பேரோட வந்தான். இவருக்கு வலது கை போச்சு. கை இருக்கு, தூக்க முடியாது. ஸ்பானர் புடிச்ச கை. அதுக்கப்புறம் ஊர் மாத்தி ஊர் மாத்தி இங்க வந்து சேர்ந்தோம். இப்ப எதுக்குத் தேடுதான்? அறுபது வயசு ஆகப்போவுதே அவனுக்கு.”

பேசப்பேச அவள் வாயில் கோவில்பட்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

“அவன்கிட்ட நான் பேசலாம், விதியில இடம் இருக்கு” என்றேன்.

“போய்க் கேளு. போன்ல கேக்காத, முகத்தைப் பார்த்துக் கேளு. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. நீயா ஒண்ணும் முடிவு பண்ணாத பாலு. இது என் உசுரு.”

புதன்கிழமை காலை கோமதிராஜைப் பார்க்கப் போனேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாத்திரம், பந்தல் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தான். அடுக்கின அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சர்க்கரை வியாதியில் இடது காலில் மூன்று விரல் இல்லை. தலை பஞ்சாகியிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

“வா தம்பி. அருணா டி.டி.பி. பையன்தான நீ? அந்தப் போஸ்டர அடிச்ச கை உன் கைதான்.”

“ஆமாண்ணே. இப்ப கொடிவழியில இருக்கேன். அது விஷயமாத்தான் வந்தேன். பொய்யா அடிச்ச போஸ்டரை ஏன் அனுப்பினீங்க?”

மறைக்கவே இல்லை. “தெரிஞ்சுதான் அனுப்பினேன். நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னா அவ இருக்கிற எடம் தெரிஞ்சிரும். மறுத்தீங்கன்னா உசுரோட இருக்கான்னாவது தெரியும். ரெண்டுல ஒண்ணு தெரியணும் தம்பி எனக்கு” என்றான்.

“தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க?”

மேஜை டிராயரைத் திறந்து அந்த லேமினேட் போஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதன் மேல் சொட்டுச்சொட்டாக விழுந்தது. அவ்வளவு பெரிய ஆள், குலுங்கிக்குலுங்கி அழுதான். “கூடப் பொறந்தவடா. சின்னப் பிள்ளையில எங்கையாலதான் சோறு திம்பா. ஒரே ஒரு தடவ பார்த்தாப் போதும். அப்பா போயாச்சு, அம்மா போயாச்சு. எனக்குன்னு யாருடா இருக்கா?”

என் மனசு இளகிப்போனது, ஒளிப்பானேன். இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், சிரித்துப் பேசினாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டான். “ஊர் பேர மட்டும் சொல்லு தம்பி. தெரு கூட வேண்டாம்” என்றான்.

என் முகத்தை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை லதாவைக் கூப்பிட்டு, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். “ரொம்ப அழுதான் லதா. மனசு மாறியிருப்பான்னு எனக்குப் படுது” என்றேன்.



“அவன் நல்லாவே அழுவான் பாலு. அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் அடிச்சான். 'எங்கூடப் பொறந்தவள எங்கிட்டருந்து பிரிச்சிட்டியே'ன்னு சொல்லிச்சொல்லி அழுதான். ஒவ்வொரு அடிக்கும் அழுதான்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“மாறியும் இருக்கலாம். இல்லேங்கல. ஆனா அதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க எங்கிட்ட இன்னொரு புருசன் இல்ல, இன்னொரு மக இல்ல. இருக்கேன்னும் தெரியக் கூடாது, செத்தேன்னும் திறக்கக் கூடாது. என் கட்டம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். என்னைக்காவது எனக்கா தோணினா நானே தட்டிட்டுப் போவேன்.”

“அதுக்குத்தான் வழி இல்லையே. ஆவணத்துல குறை இருந்தா தள்ளிவிடலாம். இருக்குன்னும் போகாது, இல்லேன்னும் போகாது. ஆனா நான் அடிச்ச போஸ்டர் லதா அது. அதுல ஏது குறை?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. “என்ன சிரிப்பு?”

“நடிக்காத பாலு.”

“என்ன நடிக்கேன்?”

“அந்தப் போஸ்டர் எங்கிட்டயும் இருக்கு. இவரோட சிநேகிதர் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல இருந்து கிழிச்சுக் கொண்டாந்து தந்தாரு, ஊர்ப்பக்கம் வந்துராதீங்கன்னு காட்டறதுக்கு. நான் தூக்கிப்போடல. இருபது வயசு போட்டோ எங்கிட்ட அது ஒண்ணுதான். என் வரியவே எனக்குப் போட்டியேன்னு மொதல்ல உம்மேல அவ்வளவு கோவம். அப்புறம் ஒரு நாள், இவர் கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்காரு. போஸ்டர் அடிச்சபடியே செத்துத்தான் போவோமேன்னு இருந்துச்சு எனக்கு. பையில இருந்து அத எடுத்தேன். பழக்கதோசம், ப்ரூஃப் பார்த்தேன்.” நிறுத்தினாள். “ஜூன் மாசத்துல ஏதுலே முப்பத்தொண்ணு?”

திரையைப் பார்த்தேன். 31.06.2011. இரண்டு நாளாக அதை எத்தனை தரம் படித்தேன்! சிவப்பு வட்டம் போட்டு இயந்திரம் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. ஜூனுக்கு முப்பது நாள்தான்.

“இல்லாத தேதியில செத்தவ எப்படிச் செத்தவ ஆவா?” என்றாள் லதா. “பாலு சொல்லுதான், நீ சாகலட்டின்னு சொல்லுதான்னு நெனைச்சேன். ஊரே என்னைக் கொன்ன அன்னைக்கு நீ ஒருத்தன் மட்டும் கொல்ல மாட்டேன்னு நின்னியே. அந்தத் தெம்புலதான் எந்திரிச்சு அவருக்குக் கஞ்சி வாங்கப் போனேன். அதுக்கப்புறம் எந்தக் கஷ்டம் வந்தாலும் அத எடுத்து ஒரு தடவ படிப்பேன்.”

ஆவணக் குறை என்பதை அமுக்கினேன். காரணம்: அப்படி ஒரு தேதி இல்லை. இயந்திரம் ஒத்துப் பார்த்தது, சரி என்றது. கோமதிராஜுக்கு என் கண் முன்னாலேயே கடிதம் போனது: சான்றில் உள்ள தேதி செல்லாது, இதே சான்றை மறுபடி ஏற்க இயலாது. லதாவின் கட்டம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. அவனிடம் வேறு சான்றும் இல்லை. இனி அவளுக்கு நூற்றுப்பத்து வயசாகும்வரை அவனால் அதைத் திறக்க முடியாது.

“முடிஞ்சது லதா. 2100 வரைக்கும் உனக்குக் கவலை இல்ல” என்றேன்.

“அதுக்கப்புறம் தட்டிட்டு வரட்டும்” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். “நேர்ல கேக்கணும்னு முப்பத்தோரு வருசமா வச்சிருக்கேன். வேணும்னுதான போட்ட பாலு?”

திரையில், அதே சி.டி.யில், அவள் போஸ்டருக்கு முந்தின கோப்பு இருந்தது. ஏனோ கை அதைத் திறந்துவிட்டது. சுப்பையா சார். மறைவு: 30.06.2011. அதே குத்துவிளக்கு, அதே பார்டர். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கோப்பைத்தான் திறந்து பேரை மாற்றினேன், போட்டோவை மாற்றினேன். கண் மறைத்துக்கொண்டிருந்தது. சுப்பையா சார் செத்த மறுநாள் என்றார் அவள் அப்பா. முப்பதுக்கு மறுநாள் முப்பத்தொன்று. அடித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒன்பது வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு. இல்லை, அதுவும் பெருமைதான். நான் எத்தனையோ தப்பு செய்திருப்பேன், எல்லாவற்றையும் அவள் திருத்தியிருப்பாள். அன்றைக்கு ப்ரூஃப் பார்க்கிறவள் கடையில் இல்லை.

“பாலு? இருக்கியா?”

“இருக்கேன்” என்றேன். “பின்ன என்ன? வேணும்னுதான் போட்டேன்.”

நல்லவேளை, அது போன். முகம் தெரியாது.

“தெரியும்” என்றாள் லதா. “உனக்குத்தான் பொய் சொல்ல வராதே.”